மிச்சிகன் வாரத்தில் ஸ்கோர் சொல்வது எப்படி: கொலம்பஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நவம்பர் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் தப்ப முடியாது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் வரும் 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப்பில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒஹாயோ ஸ்டேட்டின் பரம எதிரியான மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முதல் எழுத்து அது. சிலர் அந்தப் பெயரையே வாயில் எடுக்க மாட்டார்கள். 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பதோடு சரி. அந்த வாரம்தான் லேபிலோ ஆபீஸிலோ யாராவது ஒரு தாளை நீட்டி, சனிக்கிழமை இந்த இரு அணிகளும் மோதும் ஆட்டத்துக்கு உங்கள் ஸ்கோர் கணிப்பு என்ன என்று கேட்பார்கள்.

நான் வந்த முதல் வருடம் 'ஒஹாயோ ஸ்டேட் 3, மிச்சிகன் 1' என்று எழுதிக் கொடுத்தேன். நம் ஊர் கால்பந்து மாதிரி நாலு கோலுக்கு மேல் விழாது என்று நினைப்பு. அந்தத் தாளை லேப் ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியவர்கள் கிறிஸ்துமஸ் வரைக்கும் எடுக்கவில்லை. இப்போது எங்கள் ஆபீஸ் கணிப்புத் தாளை நடத்துவதே நான்தான். ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடங்கியதிலிருந்து வாரா வாரம் நடக்கும். மிச்சிகன் வாரத்தில் மட்டும் பெரிய கூட்டம் சேரும். புதிதாக வருகிறவர்கள் வருடா வருடம் கேட்கிற கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

முதலில், எந்த எண்கள் ஸ்கோராகும்?

ஆட்ட விதிகள் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. புள்ளி எப்படிச் சேர்கிறது என்று தெரிந்தால் போதும். பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதன் பிறகு ஒரு உதை உதைத்து இன்னொரு புள்ளி எடுப்பார்கள். அது பெரும்பாலும் தவறாது. ஆகவே டச் டவுன் என்றால் 7 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்ட முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுப்பது ஃபீல்டு கோல், 3 புள்ளி. டச் டவுனுக்குப் பிந்தைய அந்த உதைக்குப் பதிலாக மறுபடி கோட்டைத் தாண்டிப் பார்த்து 2 புள்ளி எடுக்கலாம், சேஃப்டி என்று ஒன்றிலும் 2 வரும். இரண்டும் அபூர்வம்.

அதனால் பெரும்பாலான ஸ்கோர்கள் 7களும் 3களும் கூடிய கூட்டல்தான். 10, 13, 14, 17, 20, 21, 24, 27, 28, 31 எல்லாம் அடிக்கடி வரும். 11, 22, 25 எல்லாம் வந்தால் ஏதோ விசேஷம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த இரு அணிகளின் அண்மை முடிவுகளையே பாருங்கள்: 2021இல் மிச்சிகன் 42-27, 2022இல் மிச்சிகன் 45-23, 2023இல் மிச்சிகன் 30-24, 2024இல் மறுபடி மிச்சிகன் 13-10, 2025இல் ஒருவழியாக ஒஹாயோ ஸ்டேட் 27-9. இதில் 13 என்பது ஒரு டச் டவுன், இரண்டு ஃபீல்டு கோல். 9 என்பது மூன்று ஃபீல்டு கோல், டச் டவுனே இல்லை. உங்கள் ஸ்கோரை எழுதியதும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். பிரிக்க வரவில்லை என்றால் ஒன்றிரண்டு புள்ளி தள்ளிப் போடுங்கள்.

டிரா கிடையாது. சமமாக முடிந்தால் கூடுதல் நேரம் உண்டு. எதிரணியின் 25ஆவது கெஜக் கோட்டிலிருந்து மாற்றி மாற்றி ஆடுவார்கள். '24-24' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நியாயம் பேசிய ஒருவரையும் எனக்குத் தெரியும்.

தாளின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்

எல்லாத் தாளும் ஒன்றில்லை. சில இடங்களில் யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் சொன்னால் போதும். சில இடங்களில் முழு ஸ்கோர். சில இடங்களில் ஸ்ப்ரெட்டை வைத்து (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). கணித்தவர்களில் இருவர் சமமாக வந்தால் இரண்டு அணிகளின் மொத்தப் புள்ளியை யார் நெருக்கமாகச் சொன்னார் என்று பார்ப்பது வழக்கம். கூடுதல் நேரப் புள்ளி சேருமா, தாள் எப்போது மூடும், இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு கேட்டால் சண்டைதான்.

வெறுந்தாளில் தொடங்காதீர்கள்

புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு, கண்ணை மூடிக்கொண்டு மனதில் ஒரு ஸ்கோர் வரும்வரை காத்திருப்பது. ஜோசியம் இல்லை இது. பணம் போட்டு நடத்துகிற பந்தய நிறுவனங்கள் ஏற்கெனவே இரண்டு எண்களை வெளியிட்டிருக்கும். எந்த விளையாட்டுத் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். ஒன்று ஸ்ப்ரெட், அதாவது வலுவான அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்ற கணக்கு. மற்றது மொத்தப் புள்ளி. இந்த இரண்டும் இருந்தால் ஸ்கோர் தானாக வந்துவிடும்.

ஒஹாயோ ஸ்டேட் 10 புள்ளி மேலே, மொத்தம் 44 என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் கூட்டினால் 54, அதில் பாதி 27. அது ஒஹாயோ ஸ்டேட்டுக்கு. மீதி 17 மிச்சிகனுக்கு. 27-17. மூன்று டச் டவுன், இரண்டு ஃபீல்டு கோல் ஒரு பக்கம். இரண்டு டச் டவுன், ஒரு ஃபீல்டு கோல் மறு பக்கம். அழகாகப் பிரிகிறது. எட்டாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் இதை மட்டும் செய்து கொடுத்தாலே தாளில் பாதிப் பேரை முந்திவிடலாம். நான் சொல்வது மிகையில்லை. எங்கள் தாளில் வருடா வருடம் பார்க்கிறேன்.

ஸ்ப்ரெட்டை வாய்ப்பாகவும் மாற்றிப் பார்க்கலாம். 3 புள்ளி என்றால் கிட்டத்தட்ட பூவா தலையா, கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தது. 7 என்றால் பத்துக்கு ஏழு முறை அந்த அணி ஜெயிக்கும். 14 என்றால் பத்துக்கு எட்டரை, ஒன்பது. 20ஐத் தாண்டினால் இருபதில் ஒரு முறைதான் சறுக்கும். அந்த ஒரு முறையைப் பற்றித்தான் அடுத்து.

காரணம் இருந்தால் மட்டும் நகருங்கள்

இந்த ஆரம்ப எண்ணிலிருந்து மேலேயோ கீழேயோ போக உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு காரணம் வேண்டும், அதை ஒரு வரியில் எழுத முடிய வேண்டும். 'மனசுக்குத் தோணுது' காரணமில்லை.

நான் முதலில் பார்ப்பது பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்கை இல்லை, லைனை. பந்தைக் கிட்டத்தட்டத் தொடாமலே ஆட்டம் முழுக்க முட்டி மோதிக்கொண்டிருக்கிற அந்தக் கனத்த ஆட்கள். டிவி கேமரா அவர்கள் பக்கம் திரும்பவே திரும்பாது. 2024ஐ எடுத்துக்கொள்வோம். ஒஹாயோ ஸ்டேட் பத்து ஜெயித்து ஒன்று தோற்று, தேசிய வரிசையில் இரண்டாம் இடம். மிச்சிகன் ஆறு ஜெயித்து ஐந்து தோற்ற அணி. ஆட்டம் கொலம்பஸில், ஸ்ப்ரெட் 20 புள்ளி அளவில். எங்கள் தாளில் பதினாலு பேர். பதிமூன்று பேர் ஒஹாயோ ஸ்டேட், நான் உட்பட. நான் 34-13 போட்டேன்.

நடந்தது என்ன? ஒஹாயோ ஸ்டேட்டின் இடது டேக்கிள் ஜாஷ் சிமன்ஸ் அக்டோபரிலேயே முழங்கால் அடிபட்டு வெளியே போயிருந்தார். சென்டர் செத் மெக்லாஃப்லின் நவம்பரில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியே. அதாவது லைனில் முக்கியமான இரண்டு இடங்களில் மாற்று ஆட்கள். எதிரே மிச்சிகனின் தடுப்பு வரிசையின் நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். சில மாதம் கழித்து தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகளின் வீரர் தேர்வில் முறையே ஐந்தாவதாகவும் பதிமூன்றாவதாகவும் எடுக்கப்பட்டவர்கள். அந்தச் சுவரின் நடுவில்தான் ஒஹாயோ ஸ்டேட் மறுபடி மறுபடி போய் முட்டியது. ஆட்டம் முழுக்க ஓடி எடுத்தது வெறும் 77 கெஜம். மிச்சிகன் பந்தை வீசி எடுத்தது அதைவிடக் குறைவு, 62 கெஜம்தான். ஆனாலும் போதுமாக இருந்தது. ஒஹாயோ ஸ்டேட் இரண்டு ஃபீல்டு கோலைத் தவறவிட்டது. கடைசி 45 விநாடி மிச்சமிருக்கும்போது மிச்சிகன் ஒரு ஃபீல்டு கோல் உதைத்து 13-10.

லைனில் ஆள் இல்லை என்ற செய்தி வாரம் முழுக்க எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதற்காக மிச்சிகனை எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் 34ஐ 24 ஆக்கியிருக்க வேண்டும். எதிரணி பலமாக இருக்கிற அதே இடத்தில் நம் அணி ஓட்டையாக இருக்கிறதா, அதைத் தேடுங்கள். இத்தனைக்கும் அதே ஒஹாயோ ஸ்டேட், அதே ஓட்டை லைனோடு, அதற்குப் பிறகு டென்னசி, ஓரிகன், டெக்சாஸ் மூன்றையும் வரிசையாக அடித்து, 2025 ஜனவரியில் நோட்டர் டேமை 34-23 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆனது. ஒரு ஆட்டத்தை வைத்து ஒரு அணியை எடை போட்டால் இப்படித்தான் மூக்குடைபடும்.

குவார்ட்டர்பேக் ஆடுகிறாரா என்பது அடுத்தது. பந்தை வீசுகிற அந்த ஒருவர் மாறினால் ஸ்ப்ரெட்டே சில புள்ளி மாறிவிடும். இந்த இரு அணிகளும் ஆடுகிற பிக் டென் கூட்டமைப்பில் 2023 முதல், ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் யார் ஆடவில்லை என்ற பட்டியலை வெளியிட வேண்டும் என்று விதி. பகல் 12 மணி ஆட்டம் என்றால் காலை 10க்குப் பட்டியல். வாரம் நடுவில் செய்தி எதுவும் இல்லாமலே ஸ்ப்ரெட் 7லிருந்து 4க்கு இறங்கினால், யாருக்கோ என்னவோ ஆகியிருக்கிறது, உங்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

வானிலையில் எல்லாரும் பனியையும் குளிரையும் பார்ப்பார்கள். நீங்கள் காற்றைப் பாருங்கள். குளிரில் இவர்கள் பழகியவர்கள். பலத்த காற்று அடித்தால்தான் வீச்சும் உதையும் கெட்டு, மொத்தப் புள்ளி இறங்கும். பனி உண்மையிலேயே ஆட்டத்தை விழுங்கியது 1950இல். கொலம்பஸில் புயல் அடித்துக் கோடுகூடத் தெரியாமல் ஆடினார்கள். பந்தைக் கையில் வைத்திருப்பதே ஆபத்து என்று இரண்டு அணியும் மாற்றி மாற்றி எதிரணிக்கே உதைத்துத் தள்ளியது, மொத்தம் 45 முறை. மிச்சிகன் பத்து கெஜம் முன்னேறி ஒரு 'ஃபர்ஸ்ட் டவுன்' கூட எடுக்காமல் 9-3 என்று ஜெயித்தது. அன்றைக்கு இருந்திருந்தால் என் 3-1 அவ்வளவு மோசமான கணிப்பில்லை.

சொந்த மைதானத்துக்கு இரண்டு மூன்று புள்ளி உண்டு. ஆனால் அது ஸ்ப்ரெட்டுக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். நீங்கள் மறுபடி கூட்டாதீர்கள். ஒஹாயோ ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு மேல், மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் இன்னும் கொஞ்சம் அதிகம். அத்தனை பேர் கத்தியும் 2021 முதல் 2025 வரை நடந்த ஐந்தில் மூன்று வெளியூர் அணிக்குத்தான். டாஸ் பற்றி ஒரு வார்த்தை, நாமெல்லாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால்: இங்கே டாஸ் ஒரு பொருட்டே இல்லை. ஜெயித்த அணி பெரும்பாலும் 'இரண்டாம் பாதியில் பார்த்துக்கொள்கிறோம்' என்று தள்ளிவிடும்.

காதில் வாங்கக் கூடாதவை

'இந்த ஆட்டத்தில் பழைய கணக்கெல்லாம் செல்லாது' என்று குறைந்தது பத்துப் பேர் உங்களிடம் சொல்வார்கள். 1969ஐச் சொல்வார்கள்: 22 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த ஒஹாயோ ஸ்டேட்டை மிச்சிகன் 24-12 என்று வீழ்த்தியது. 2024ஐச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் எதிர்பார்த்த அணி எதிர்பார்த்தபடி ஜெயித்த வருடங்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை. 2025இல் ஒஹாயோ ஸ்டேட் தோல்வியே காணாத முதலிட அணி, ஸ்ப்ரெட் பத்து அளவில், ஜெயித்தது 18 புள்ளியில். அதைப் பற்றி யாராவது டீக்கடையில் நின்று பேசுவார்களா?

தேசிய வரிசை எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அது இதுவரை யார் ஜெயித்தார்கள் என்பதற்கான பரிசு. போன வார ஸ்கோரும் ஏமாற்றும்: 2024 ஆட்டத்துக்கு முந்தின வாரம் மிச்சிகன் நார்த்வெஸ்டர்னை 50-6 என்று அடித்ததை யாரும் மதிக்கவில்லை, வேறொரு வருடம் அதே மாதிரி ஸ்கோரை மதித்து ஏமாந்தவர்களும் உண்டு.

டிவி நிபுணர்கள்? லீ கோர்சோ என்ற பழைய பயிற்சியாளர் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில், எந்த அணி ஜெயிக்கும் என்று நினைக்கிறாரோ அதன் அடையாளப் பொம்மையின் தலையைத் தன் தலையில் மாட்டிக்கொள்வார். முதல் முறை மாட்டியது 1996இல், இதே கொலம்பஸில், ஒஹாயோ ஸ்டேட்டின் புரூட்டஸ் தலை. கடைசியாக 2025 ஆகஸ்டில், அதுவும் இங்கேயே, அதே புரூட்டஸ். நடுவில் நானூறு முறைக்கு மேல் மாட்டினார். சரியாக வந்தது ஏறத்தாழ மூன்றில் இரண்டு. வாழ்நாள் முழுக்க இந்த ஆட்டத்திலேயே கிடந்தவருக்கே அவ்வளவுதான். பந்தய நிறுவனங்களின் ஸ்ப்ரெட்டே சராசரியாக ஒரு ஆட்டத்துக்கு 12 புள்ளி அளவுக்குத் தவறுகிறது. எனவே உங்கள் 27-17, 38-14 ஆகிவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாளில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

எங்கள் 2024 தாளில் மிச்சிகனை எடுத்த அந்த ஒருவர், திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன தம்பி. ஆட்டம் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. சீசன் முழுக்கக் கணித்ததில் கடைசி இடம். மிச்சிகன் 20-17 என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, தெரியாம மாத்திப் போட்டுட்டியா?" என்று கேட்டேன். "இல்லண்ணே, எல்லாரும் போட்டதையே நானும் போட்டா கடைசி இடம் கடைசியாத்தானே இருக்கும்?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரியான ஆட்டம். முன்னால் நிற்பவர் கூட்டத்தோடு போகலாம். எது நடந்தாலும் இடைவெளி அப்படியே இருக்கும். பின்னால் இருப்பவர் கூட்டத்துக்கு எதிராகப் போனால்தான் ஏற முடியும். கடைசி வாரங்களில் இதை மனதில் வையுங்கள். முழு ஸ்கோர் கேட்கிற தாளிலும் இதேதான்: நாலு பேர் 27-17 போட்டிருந்தால் நீங்கள் 31-17க்கோ 24-17க்கோ நகர்ந்து உங்களுக்கென்று ஒரு இடம் பிடியுங்கள். சீசன் தொடக்கத்தில் மட்டும் இந்த வீரம் வேண்டாம், வீணாகப் புள்ளி போகும்.

காசு, அப்புறம் இன்னொரு விஷயம்

ஒஹாயோவில் 2023 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி செல்லும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். போன் முழுக்க விளம்பரம் வரும். ஸ்ப்ரெட்டை வைத்துப் பந்தயம் கட்டினால், நிறுவனம் எடுக்கும் கமிஷனுக்குப் பிறகு கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 52க்கு மேல் சரியாக வர வேண்டும். படிப்புக்கு வந்த காசில் இது வேண்டாத வேலை. எங்கள் தாளில் தோற்கிறவர்கள் சேர்ந்து ஜெயித்தவருக்குப் பிரியாணி வாங்கித் தருவதோடு சரி.

டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு: உங்கள் வகுப்பில் அணி வீரர் யாராவது உட்கார்ந்திருக்கலாம். முழங்கால் எப்படி இருக்கிறது, சனிக்கிழமை ஆடுகிறாயா என்று கேட்டுவிடாதீர்கள். பந்தயத்துக்கு உதவுகிற உள்செய்தியை வீரர்கள் வெளியே சொல்லக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் விதி. நீங்கள் சும்மா கேட்டாலும் மாட்டிக்கொள்வது அந்தப் பையன்.

சனிக்கிழமை காலை

தேங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு அப்புறம் வரும் சனி. ஆட்டம் வழக்கமாகப் பகல் 12க்கு. காலை 10க்கு வீரர் பட்டியல் பாருங்கள், கூடவே காற்றின் வேகம், ஸ்ப்ரெட் இரவோடு இரவாக நகர்ந்ததா என்று. பெரிய மாற்றம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை எழுதியதைத் தொடாதீர்கள். ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் மாற்றியது ஒன்றுகூட எனக்கு உருப்பட்டதில்லை. ஸ்கோருக்குக் கீழே காரணத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள், ஆட்டம் முடிந்ததும் எத்தனை புள்ளி தவறியது என்று பக்கத்தில் குறியுங்கள். பத்து ஆட்டம் ஆனதும் எந்த அணிக்கு எப்போதும் கூடுதலாகவே போடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். என் நோட்டில் அது ஒஹாயோ ஸ்டேட். தெரிந்தும் குறைக்க முடியவில்லை, இந்த வருடமும் நாலு புள்ளி கூடத்தான் போடுவேன் என்று நினைக்கிறேன்.

தாள் 11:45க்கு மூடும். கடைத்தெருவில் யாராவது உங்களைப் பார்த்து "ஓ-ஹெச்!" என்று கத்தினால் "ஐ-ஓ!" என்று திருப்பிக் கத்த வேண்டும், ஒஹாயோவின் (Ohio) மீதி இரண்டு எழுத்து அது. அதற்குக் கணிப்பு எதுவும் தேவையில்லை.